கன்செஷன் கேட்கப் போட்டுக்கொண்ட சட்டை

மகளைக் கல்லூரியில் சேர்த்துவிட்டு வந்த அன்று, என் கடைக்கு எதிரே டீ போடும் அக்கா எவ்வளவு ஆச்சு என்று கேட்டார். ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் என்றேன். டீயை ஆற்றிக்கொண்டே அவர் சொன்னார்: "மொதல் வருசம் வரதட்சணண்ணா. அடுத்த ரெண்டு வருசம் தீவாளி சீரு. பொண்ணப் பெத்தா கண்ணாலத்துக்கு முன்னாடியே ஒரு சம்பந்தி வந்து உக்காந்துக்கறான் பாரு."

அதை அப்போதே பில் புக்கின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். யார் வாயிலிருந்து நல்ல பேச்சு விழுந்தாலும் எழுதி வைப்பது என் பழக்கம். நான் பள்ளிக்கூடம் போனது ஏழாம் வகுப்பு வரை. கன்னடத்தை பஸ் போர்டில் படித்தேன், இங்கிலீஷை ரெக்சின் ரோலின் லேபிளில் படித்தேன், மீதியைப் பெங்களூர் அடுகோடியில் இருக்கிற என் குஷன் கடைக்கு வந்து, கார் ஸீட்டும் ஆட்டோ ஸீட்டும் தைத்து முடியும்வரை ஸ்டூலில் உட்கார்ந்து பேசுகிற ஜனங்களிடம் படித்தேன். அவர்களில் ஒருவரும் என்னிடம் ஃபீஸ் கேட்டதில்லை.

கல்லூரியோ கேட்பதற்கென்றே கட்டியது. வெளியே முழுக்கக் கண்ணாடி, உள்ளே நுழைந்ததும் ஒரு நீரூற்று. அது வெளியாட்கள் வரும் நாளில் மட்டும் ஓடும். முதல் வருஷம் பிளேசர் கட்டாயம் என்று மூவாயிரத்து இருநூறு வாங்கினார்கள். கோட்டுத் துணியைக் கையில் தேய்த்துப் பார்த்தேன். தையல் கூலியோடு சேர்த்து எண்ணூறு ரூபாய்க்கு மேல் ஒரு பைசா பெறாது. லைனிங் பிரிந்து தொங்கியது. என் கடையில் ஆட்டோவுக்கு அப்படித் தைத்துக் கொடுத்தால் ஆட்டோக்காரன் அந்த ஸீட்டைக் கழற்றி என் தலையிலேயே வைத்துவிட்டுப் போவான். கல்லூரிக்காரர்கள் தைத்ததைப் போட்டுக்கொண்டு பிள்ளைகள் போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அந்த வருஷத்துப் பணத்தைச் சீட்டு எடுத்துக் கட்டினேன். இரண்டாம் வருஷம் பிறந்தபோது மகளுடைய போனுக்கு ஒரு சர்க்குலர் வந்தது. இந்த வருஷம் ஒரு லட்சத்து முப்பத்தெட்டாயிரம். உலகத் தரத்துக்கு உயர்த்துகிறார்களாம். அந்த உலகத்தில் பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்காது போல. ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வெளியே நின்று கதவைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று மகள் சொன்னாள். அடுத்த மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் பெயர் நீக்கப்படும் என்று சர்க்குலரின் அடியில் தடித்த எழுத்தில் இருந்தது. சீட்டை ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது. வீட்டில் விற்க ஒன்றும் இல்லை. மகள் முதல் வருஷத்தில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்திருந்தாள். கணக்குப் படிக்கிறவள். பெயரை அடித்துவிட்டால் அப்புறம் ஏதாவது ஒரு கால் சென்டரில் போய் உட்கார வேண்டியதுதான். அவள் அதைத் தன் வாயால் சொல்லவில்லை. ஆனால் சர்க்குலர் வந்த நாளிலிருந்து புத்தகத்துக்கு அட்டை போடாமல் வைத்திருந்தாள்.

அந்தச் சர்க்குலரிலேயே இன்னொரு வரியும் இருந்தது. கஷ்டப்படுகிற குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பாதி ஃபீஸ் கன்செஷன். ஃபாரம் எழுதிக் கொடுத்து, தாய் தகப்பன் இரண்டு பேரும் கமிட்டி முன்னால் வர வேண்டும்.

ஃபாரத்தை நானே எழுதுவேன் என்று பிடிவாதமாக வாங்கி உட்கார்ந்தேன். என் கையெழுத்து நன்றாக இருக்கும். தொழில், வருமானம், குடும்பத்தில் எத்தனை பேர் என்று எல்லாம் எழுதிக்கொண்டே வந்தால் 'மாத வாடகை' என்று ஒரு கட்டம். அதில் 'இல்லை' என்று எழுதினேன். எழுதிவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்தும் உட்கார்ந்தேன்.

அந்த நிமிர்வைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும். பெங்களூரில் லீஸ் என்று ஒரு வழக்கம் உண்டு. வீட்டுக்காரரிடம் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டால் மூன்று வருஷம் வாடகை இல்லாமல் குடியிருக்கலாம். காலி செய்யும்போது போட்ட பணம் அப்படியே திரும்பி வரும். நானும் என் மனைவியும் பதினான்கு வருஷம் சேர்த்த ஐந்து லட்சத்தை அடுகோடியில் ஒரு வீட்டுக்கு லீஸ் போட்டிருந்தோம். ஹாலும் ஒரு ரூமும். எங்கள் தெருவில் லீஸ்காரன் என்றால் ஒரு படி மேல். மாதம் பிறந்தால் ஓனர் மூஞ்சியைப் பார்க்க வேண்டியதில்லை. லீஸ் வீட்டை 'நம்ம வீடு' என்றே சொல்வோம். வாடகை கொடுப்பவனைக் கண்டால் பாவம் என்போம். அந்தப் பெருமையைத்தான் கன்செஷன் கேட்கிற ஃபாரத்தில், அதுவும் நல்ல கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

அதோடு விட்டேனா. கமிட்டிக்குப் போகும் நாளுக்குச் சிவாஜிநகர் போய் ஒரு ஜோடி ஷூ வாங்கினேன். மச்சினன் மகள் கல்யாணத்துக்குத் தைத்த வெள்ளைச் சட்டையைக் கஞ்சி போட்டுத் தேய்க்கக் கொடுத்தேன். என் மனைவி முகூர்த்தப் பட்டை எடுத்துக் கட்டினாள். பட்டு கசங்கும் என்று பஸ் வேண்டாம் என்றாள், ஆட்டோ வைத்தோம். வெறும் கையோடு எப்படிப் போவது என்று வழியில் நிறுத்தி அரை கிலோ மைசூர்பாகும் வாங்கினோம். நாலு பெரிய மனுஷர் உட்கார்ந்திருக்கிற இடத்துக்கு அழுக்காகப் போனால் அவர்களுக்கு அவமரியாதை என்றுதான் எங்களுக்குத் தெரியும். ரேஷன் கார்டுக்கு போட்டோ எடுக்கப் போனாலும் நாங்கள் அப்படித்தான் போவோம். எங்களைப் பார்த்த மகள் என் காலரை மட்டும் ஒருமுறை சரிசெய்தாள்.

கமிட்டி அறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். எங்களுக்கு இரண்டு நாற்காலி தள்ளி ஒருவர் உட்கார்ந்திருந்தார். வெளுத்துப்போன கட்டம் போட்ட சட்டை, காலில் ரப்பர் செருப்பு, மடியில் துணிப்பை. பாவம், நம்மைவிடக் கஷ்டப்பட்டவர் போலிருக்கிறது என்று என் மனைவி காதில் சொன்னாள். எனக்கு அந்த ஆளை எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. அவருடைய இடது மணிக்கட்டில் வாட்ச் கட்டும் இடம் மட்டும் வெள்ளையாக வளையம் போல இருந்தது. வாட்சைக் காணோம். அதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டார்கள். பத்து நிமிஷத்தில் கையெழுத்துப் போட்ட காகிதத்தோடு வெளியே வந்தார். என்னைப் பார்த்தார். பார்த்ததும் துணிப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

அடுத்து நாங்கள். உள்ளே மூன்று பேர். நடுவில் ஃபீஸ் செக்‌ஷன் மேடம், ஒரு பக்கம் ரிட்டயரான ஆடிட்டர், மறு பக்கம் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு லெக்சரர். என் கண் அவர்களுடைய நாற்காலிகள் மேல்தான் முதலில் போனது. மூன்றும் நல்ல கெட்டி ஃபோம், தோல் மாதிரி மெட்டீரியல், ஒன்று பன்னிரண்டாயிரம் இருக்கும். கஷ்டப்பட்ட குடும்பங்களைப் பற்றி யோசிக்கிறவர்களுக்கு முதுகு வலிக்கக் கூடாது அல்லவா.

மேடத்துக்குத் தமிழ் நன்றாக வந்தது. மைசூர்பாகு டப்பாவை மேசை மேல் வைத்தேன். அவர் பேனாவின் நுனியால் அதை என் பக்கமே தள்ளினார். என் ஷூவைப் பார்த்தார், பட்டைப் பார்த்தார், பிறகு ஃபாரத்தைப் பார்த்தார். தாசில்தார் ஆபீஸில் நாலு தடவை அலைந்து வாங்கிய வருமானச் சான்றிதழை விரலால் ஒதுக்கி, இது எல்லாரிடமும் இருக்கிறது, இதைப் பார்த்தால் பெங்களூரில் பணக்காரனே இல்லை என்றார். அதில் எனக்கும் ஆட்சேபம் இல்லை. அடுத்து, நான் நிமிர்ந்து உட்கார்ந்து எழுதிய 'இல்லை'யைச் சிவப்பில் சுழித்தார்.

"வாடகை இல்ல. அடுகோடியில சொந்த வீடு. அப்புறம் எதுக்குங்க இங்க வந்து ஏழைப் பசங்க பங்குல கை வைக்கறீங்க?"

லீஸ் என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவர் அடுத்த பெயரைக் கூப்பிட்டுவிட்டார். அவர்களுடைய அவசரத்துக்கு என் வாய் ஈடுகொடுக்கவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து பேசுகிறவர்களிடம் நாள் முழுக்கப் பேசுவேன், அங்கே நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

வெளியே வந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். வரும்போது ஆட்டோ, போகும்போது பஸ். இரண்டாவது தெருவில் மரத்தடியில் ஒரு பெரிய வெள்ளைக் கார் நின்றிருந்தது. தேன் நிற ஸீட், சிவப்பு நூலில் இரட்டைத் தையல். அந்தத் தையலைப் போட்டவன் நான். மூன்று மாதத்துக்கு முன்னால் இரண்டு நாள் என் கடையில் நின்ற கார் அது. நாற்பத்தைந்தாயிரம் ரூபாய் வேலை. அதில் உட்கார்ந்தால் கடலில் மிதக்கிற மாதிரி இருக்க வேண்டும் மேஸ்திரி என்று சொன்ன ஆள், இப்போது அந்தக் கடலில் உட்கார்ந்து ரப்பர் செருப்பைக் கழற்றி ஷூ மாட்டிக்கொண்டிருந்தார். வாட்ச் ஏற்கெனவே கைக்கு வந்துவிட்டது.

ஆளைப் பிடித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். அவருக்கோ வெட்கமே இல்லை. கண்ணாடியை இறக்கி, கிடைத்ததா என்று கேட்டார். இல்லை என்றேன். என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, தொழில் சொல்லிக் கொடுக்கிறவர் மாதிரி பேசினார்.

"இன்னா மேஸ்திரி, மாப்பிள்ள அழைப்புக்கு வந்த மாதிரி வந்துக்கீறீங்க? இங்கெல்லாம் கடையில போட்டுக்குனு இருக்கீங்களே, அந்தப் பசை ஒட்டுன சட்ட, அதுலயே வரணும். நான் இந்தச் சட்டைய ரெண்டு வருசமா இதுக்குன்னே வச்சுக்கீறேன்."

என் மனைவிக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் என்னிடம் கேட்டாள், திரும்பிப் போய்ச் சொல்லிவிட்டு வரலாமா என்று. என்னவென்று சொல்வது. இந்த ஆளின் கார் ஸீட்டைத் தைத்தவன் நான், என் தையல்தான் சாட்சி என்றா. எவனையும் காட்டிக் கொடுக்கும் வழக்கம் எனக்கில்லை என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ளலாம். உண்மை என்னவென்றால் அவர் நேரில் வராவிட்டாலும் மாதம் ஒருமுறை தெரிந்தவர் யாருடைய காரையாவது என் கடைக்கு அனுப்புகிறவர். என் மனைவி மைசூர்பாகைப் பஸ்ஸிலேயே பிரித்துப் பக்கத்து ஸீட்டுக்காரருக்கும் கண்டக்டருக்கும் கொடுத்தாள். என்ன விசேஷம் என்று கண்டக்டர் கேட்டார். பொண்ணு படிக்கிறா என்றாள்.

'சொந்த வீடு இருப்பதால் நிராகரிக்கப்பட்டது' என்று மகளுடைய போனுக்கு ஒரு வரி வந்தது. மறுபரிசீலனைக்கு எழுதிப் போடலாம் என்று மகள் கண்டுபிடித்து எழுதிப் போட்டாள். எழுதியது அவள்தான், என் கையெழுத்தின் அழகு போதும் என்று இந்தத் தடவை பேனாவை என்னிடம் கொடுக்கவே இல்லை. லீஸ் பத்திரத்தின் ஜெராக்ஸும் வைத்தாள். ஒரு வாரத்தில் என்னை மட்டும் கூப்பிட்டார்கள். போன் வந்தபோது ஒரு ஆம்புலன்ஸ் ஸீட்டில் கை வைத்திருந்தேன். ஒரு மணி நேரத்தில் வா என்றார்கள். வேலைச் சட்டையோடு, கையில் பசையோடு, நகக் கண்ணில் ஃபோம் தூளோடு ஓடினேன். ஒன்று சொல்கிறேன், அந்தக் கார்க்காரர் பேச்சு காதில் இல்லாமல் இல்லை. சட்டை மாற்ற நேரமில்லை என்பதும் உண்மை, மாற்றாமல் இருப்பது நல்லதாச்சே என்று வழியில் மனதில் ஓடியதும் உண்மை.

மேடம் என்னைப் பார்த்ததும் ஆடிட்டரைப் பார்த்துச் சிரித்தார். போன தடவை ஷூ போட்டு வந்தவர், இந்தத் தடவை வேஷம் கட்டி வந்திருக்கிறார் என்று கன்னடத்தில் சொன்னார். எனக்குக் கன்னடம் தெரியாது என்று யார் சொன்னார்களோ. முப்பது வருஷமாக நான் போட்டுக்கொண்டிருந்த சட்டை, அவர்கள் கண்ணுக்கு வேஷம். அவர்களுக்குக் கல்யாணச் சட்டைதான் நிஜமான நான். இரண்டு வருஷமாகப் பெட்டியில் பத்திரப்படுத்திய கட்டம் போட்ட சட்டையை அவர்கள் சந்தேகப்படவே இல்லை.

நாக்கு இந்தத் தடவை ஒட்டிக்கொள்ளவில்லை. சொந்த வீடு இல்லை, லீஸ், பத்திரம் உங்கள் கையிலேயே இருக்கிறது என்று சொன்னேன். மேடம் பத்திரத்தைப் புரட்டினார். தொகை எழுதியிருந்த இடத்தில் விரல் நின்றது. முகம் கொஞ்சம் இளகின மாதிரி இருந்தது. நான் மனதுக்குள் அந்தப் பாதி ஃபீஸை வாங்கி மகள் கையில் கொடுத்தேவிட்டேன்.

"அஞ்சு லட்சம் வச்சிருக்கீங்க," என்றார். "இவ்வளவு பணத்தை வீட்டுக்காரங்ககிட்ட சும்மா குடுத்து வச்சுட்டு, எங்ககிட்ட வந்து இல்லன்னு சொல்றீங்களே."

அந்தப் பணத்துக்குள்தான் நாங்கள் மூன்று பேரும் படுத்து எழுந்திருக்கிறோம் என்றேன். லெக்சரர் முதல் தடவையாகச் செல்போனிலிருந்து தலையைத் தூக்கினார். தூக்கிவிட்டு மறுபடி குனிந்துகொண்டார். அதோடு முடிந்தது. வாடகை கட்டவில்லை என்றால் சொந்த வீட்டுக்காரன். சொந்த வீடில்லை என்றால் ஐந்து லட்சத்துக்குச் சொந்தக்காரன். வாடகை கட்டியிருந்தால், வாடகை கட்ட முடிகிறதே என்று கேட்டிருப்பார்கள். படித்தவர்கள் மூன்று பேர் சேர்ந்து உட்கார்ந்தால் எந்தப் பக்கமும் ஓட்டை விடாமல் தைப்பார்கள். எனக்கு அந்த வேலைத்திறன் வராது.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் அழவில்லை. ஒரு வருஷம் நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன், பிறகு சேர்ந்துகொள்கிறேன் என்று மிகவும் நியாயமாகப் பேசினாள். அவள் அப்படி நியாயமாகப் பேசியதுதான் எங்களுக்குத் தாங்கவில்லை. என் மனைவி சோற்றுத் தட்டை வைத்துவிட்டு, "ஏங்க, மேடம்தான் வழி சொல்லிட்டாங்களே. அஞ்சு லட்சத்த எடுத்துருவோம்," என்றாள்.

ஒருமுறை புதுப்பித்திருந்த லீஸ் முடிய இன்னும் பதினோரு மாதம் இருந்தது. நடுவில் கேட்டால் ஓனரம்மா கத்துவார் என்று பயந்து போனேன். அவரோ காபி கொடுத்தார். மகனிடம் வாங்கிப் பத்தே நாளில் முழுப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தார். அந்த நல்ல மனசுக்குக் காரணம் பிறகுதான் தெரிந்தது. படிக்கிற பெண்கள் பணம் கட்டித் தங்குகிற பி.ஜி.யாக எங்கள் வீட்டை மாற்றப் போகிறாராம். நாங்கள் மூன்று பேர் இருந்த இடத்தில் நாலு கட்டில், தலைக்கு எட்டாயிரம், காலை டிபனோடு. ஃபேமிலி என்றால் லீஸ், ஸ்டூடண்ட் என்றால் ஏடிஎம் என்று அவரே சிரித்துக்கொண்டு சொன்னார். அதையும் பில் புக்கில் எழுதினேன். எனக்கு ஆகாதவர்கள் சொன்னாலும் நல்ல பேச்சு நல்ல பேச்சுதான்.

ஓசூர் ரோட்டில் ஊரைத் தாண்டி இருக்கிற அத்திபெலேயில் மூன்று லட்சத்துக்கு லீஸ் கிடைத்தது. ஒரே ரூம், ஆனால் தண்ணீர் நன்றாக வரும். கடைக்காரர் எல்லோரும் தமிழ் பேசுவார்கள். மிச்ச இரண்டு லட்சத்தில் ஃபீஸைக் கடைசித் தேதிக்கு இரண்டு நாள் முன்னால் கொண்டுபோய்க் கட்டினேன். ரசீதைப் பஸ்ஸில் உட்கார்ந்து வரி வரியாகப் படித்தேன். டியூஷன், லேப், நூலகம், நூலகத்துக்குத் தனியாகப் பராமரிப்பு, ஆண்டு விழா. ஏழாவது வரியில் 'மாணவர் நல நிதி: ஆயிரத்து ஐந்நூறு' என்று இருந்தது. அது எதற்கு என்று மகளிடம் கேட்டேன். அதிலிருந்துதான்பா கன்செஷன் கொடுக்கிறார்கள் என்றாள். ஆக, அந்தக் கார்க்காரர் பையன் படிப்புக்கு என் பங்கு ஆயிரத்து ஐந்நூறு. ஏழைப் பிள்ளைகள் பங்கில் கை வைக்க வந்தாயா என்று என்னைக் கேட்டவர்கள், என் கையைப் பிடித்து உண்டியலில் போட வைத்தார்கள்.

மகள் இப்போது காலை ஆறு மணி பஸ்ஸில் போகிறாள். ஓசூர் ரோட்டில் லாரி ஒன்று குறுக்கே நின்றால் முதல் வகுப்பு போய்விடும். வருகைப் பதிவு எழுபத்தைந்து சதவீதத்துக்குக் கீழே போனால் பரீட்சை எழுத விடமாட்டார்கள். அபராதம் கட்டினால் விடுவார்கள், அவர்களிடம் எந்தக் குற்றத்துக்கும் ஒரு விலை உண்டு. மழைக்காலத்தில் இரண்டு வாரம் பஸ் அப்படி இழுத்தடித்ததும், கல்லூரிக்கு ஒரே பஸ்ஸில் போகிற இடத்தில் பி.ஜி. கிடைக்குமா என்று அவளும் தோழியும் போனில் தேடினார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டிருந்தவள் போனை என் பக்கம் நீட்டினாள்.

"ப்பா, நம்ம வீட்லயே ஒரு கட்டில் காலியாம். என் ஜன்னல் ஓரம். எட்டாயிரந்தான்."

போட்டோவைப் பார்த்தேன். அவள் பத்தாம் வகுப்பில் சுவரில் ஒட்டிய நட்சத்திர ஸ்டிக்கர்கூட அப்படியே இருந்தது. கீழே 'வீட்டுச் சூழல்' என்று போட்டிருந்தார்கள். மூன்று பேரும் சிரித்தோம். என் மனைவிதான் முதலில் நிறுத்தினாள்.

கார்க்காரர் போன மாதம் வந்தார். தலை சாயும் இடத்தில் தையல் விட்டிருக்கிறது, புதிதாகத் தைக்க எவ்வளவு என்றார். நாலாயிரம் என்றேன். பழைய கஸ்டமர், பார்த்துக் குறைத்துப் போடுங்கள் மேஸ்திரி என்றார். ஊசியை வாயில் கவ்விக்கொண்டிருந்தேன், எடுத்துவிட்டுக் கேட்டேன்: "சொந்த வீடா சார், வாடகையா?"

அவருக்குப் புரிந்தது. நாலாயிரத்தையும் எடுத்துக் கொடுத்தார். வேறு காரை இதுவரை அனுப்பவில்லை. அனுப்பாவிட்டால் போகிறது. என் மனைவி மட்டும் அந்தக் கேள்விக்கு மாதம் எவ்வளவு நஷ்டம் என்று அவ்வப்போது நினைவுபடுத்துவாள்.

மூன்றாம் வருஷத்து சர்க்குலர் இந்த வாரம் வந்திருக்கிறது. ஒரு லட்சத்து ஐம்பத்தோராயிரம். கன்செஷன் ஃபாரமும் கூடவே. கையில் மிச்சமிருப்பது அறுபதாயிரமும், புதிதாகச் சேர்ந்து இன்னும் எடுக்காத ஒரு சீட்டும். மகள் ஃபாரத்தை எடுத்து வாடகைக் கட்டத்தைத் தவிர எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டாள். என் மனைவி இஸ்திரிப் பெட்டியை எடுத்து வைத்துவிட்டு என்னைக் கேட்டாள்.

"இந்த வாட்டி எதப் போட்டுக்கினு போறீங்க?"

அலமாரியைத் திறந்தேன். கல்யாணச் சட்டை இருந்தது, பசைச் சட்டை இருந்தது. இரண்டையும் அவர்கள் பார்த்தாகிவிட்டது. அலமாரியை மூடிவிட்டு, சீட்டு நடத்துகிற அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் என் சட்டையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. ஏலத்தில் எவ்வளவு தள்ளி எடுக்கிறாய் என்று மட்டும் கேட்டார்.